ஓசி வக்கீல்

முந்தானையை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொள்ளலாம், ஆனால் இதற்கு மேல் இழுத்தால் சாவு வீட்டுக்கு வந்தவள் மாதிரி இருக்கும், அதற்கென்றே நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பெஞ்சின் இந்தக் கோடியில் ஒரு தூண் இருக்கிறது. அந்தத் தூணுக்காகத்தான் ஒன்பதரைக்கே வந்து இடம் பிடித்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தவளுக்கு வருகிற சந்தோஷம்கூட ஒரு நிமிஷம் வந்தது, அப்புறம் அண்ணாந்து பார்த்துவிட்டேன். நேர் மேலே பலகை. இலவச சட்ட உதவி மையம். எழுதின புண்ணியவான் 'இலவச' என்கிற நாலு எழுத்தை மட்டும் சிவப்பில் எழுதி, மற்றதையெல்லாம் கறுப்பில் விட்டிருக்கிறான். சிவப்புக்கு நேர் கீழே என் தலை. எழுந்து அந்தக் கோடிக்குப் போனால் 'மையம்' கீழே உட்காரலாம், ஆனால் அங்கே தூண் கிடையாது. உள்ளே பெல் அடிக்கிறது. முன்சீப் கோர்ட்டு வாசலில் டவாலி வந்து நிற்கிறான், இடுப்பில் சிவப்புப் பட்டை, கையில் தாள், வாய் நிறைய வெற்றிலை. கூரையைப் பார்த்துக் கத்துகிறான். "ஓஸீ... நாப்பத்தி மூணு." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓசியா? ஓசிக் கேஸைத் தனியாகப் பிரித்து வைத்து, இப்படி ஊர் கேட்க ஓசி என்று சொல்லித்தான் கூப்பிடுவார்களா? அப்படியென்றால் இன்னும் சற்று நேரத்தில் என்னையும் அப்படித்தான். ஓசி கோமளவல்லி. சத்திரத் தெரு அரிசி மண்டி ஏகாம்பரம் சம்சாரம், ஓசி.

புடவை வேறு உறுத்துகிறது. ஏழையாகத் தெரிய வேண்டும் என்று நானேதான் தேடி எடுத்தேன். தேடினால் என்னிடம் பழைய புடவையே இல்லை, எல்லாவற்றையும் பாத்திரக்காரிக்குப் போட்டு எவர்சில்வராக மாற்றி வைத்திருக்கிறேன். கடைசியில் தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறபோது சுற்றிக்கொள்கிற புடவை கிடைத்தது. எத்தனை தீபாவளியின் எண்ணெயோ, வெயில் ஏற ஏற நல்லெண்ணெய் வாசனை வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர் இரண்டு தடவை மூக்கை உறிஞ்சினார். கம்மலைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டு, காதில் துடைப்பக் குச்சியை ஒடித்துச் செருகிக்கொண்டு வந்திருக்கிறேன். கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது, வேஷம் நன்றாக இருக்கிறது என்று ஒரு திருப்திகூட வந்தது, அதை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது. வருமானச் சான்றுக்காக வி.ஏ.ஓ. ஆபீஸில் மூன்று நாள் நின்றேன். "மண்டிக்காரர் வீட்டம்மாவா, உங்களுக்கு எதுக்கும்மா இது?" என்று அந்தப் பிள்ளை நல்லதனமாகத்தான் கேட்டான். "எனக்கில்லப்பா, தெரிஞ்சவங்களுக்கு" என்று சொல்லிவிட்டேன். பேர் என்ன போடுவது என்று கேட்டான். என் பேரைச் சொன்னேன். அவன் தலை நிமிரவே இல்லை, எழுதிக்கொண்டே போனான். அந்த நிமிராத தலைக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை. சான்று இப்போது பைக்குள் இருக்கிறது, வேர்வை படாமல் இருக்கப் பால் கவரில் போட்டு வைத்திருக்கிறேன். பால் கவரையாவது நன்றாகக் கழுவினேனா?

பைக்குள் இன்னொரு காகிதமும் இருக்கிறது, அதைத் தொடாமல் கையை எடுக்கிறேன். சம்மன். கொழுந்தன் தேவராஜ் போட்ட கேஸ். படித்துப் படித்து எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. 'பிரதிவாதியின் கணவர் வாதியின் அனுமதியின் பேரில் மேற்படி மாடிப் பகுதியில் குடியிருந்து வந்தார்.' அனுமதியின் பேரில். இருபத்தொன்பது வருஷம். கீழ் வீடு மாமனார் கட்டினது, மனை தம்பி பேரில் இருக்கிறது, அதெல்லாம் சரி, பத்திரம் பதிகிற அன்றைக்கு மண்டியில் லோடு இறங்குகிறது, நீ போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வாடா என்று தம்பியை அனுப்பிய மகராசன்தானே இவர். யார் பேரில் இருந்தால் என்ன என்றார். ஆனால் மாடி? மாடியை அனுமதியின் பேரிலா கட்டினார்? ஒவ்வொரு செங்கல்லுக்கும் மண்டியை மூடிவிட்டு வந்து நின்று தண்ணீர் ஊற்றினாரே. ஜன்னல் எந்தப் பக்கம் என்பதற்கு என்னோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தாரே. அனுமதியின் பேரில் என்றால் நாட்டுப் பேச்சில் என்ன? ஓசியில். இருபத்தொன்பது வருஷம் ஓசியில் குடியிருந்தாள் என்று கோர்ட்டு முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறார்கள். இன்றைக்கு ஆஜராகி வக்கீல் வைக்காவிட்டால் எக்ஸ்பார்ட்டி, அதாவது அவன் சொன்னதே தீர்ப்பு, நான் மாடியைக் காலி செய்ய வேண்டும். இவர் போனதோடு மண்டியையும் மூடியாயிற்று, முதலில் பார்த்த வக்கீல் கேட்ட தொகைக்கு, யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். அவரும் புரிந்துகொண்டுதான் தலையாட்டினார். கீழே நான் இறங்கும்போதெல்லாம் தேவராஜின் பெண்டாட்டி கூட்டுகிற துடைப்பத்தை நிறுத்திவிட்டு நிற்கிறாள், மரியாதைக்கா, போகிறாளா என்று பார்க்கவா, தெரியவில்லை. போக எனக்கு வேறு இடம் கிடையாது. மகள் வீடு இருக்கிறது, ஆனால் அது மருமகன் வீடு, அங்கேயும் அனுமதியின் பேரில்தான்.

நினைத்தவுடனே போன் அடிக்கிறது, யாமினிதான். இந்த நேரத்தில் பெங்களூரில் ஆபீஸுக்குக் கிளம்புவாள், கிளம்புகிற அவசரத்தில்தான் அம்மா ஞாபகம் வரும். "எங்கம்மா இருக்கே?" "கோயில்ல." வாய் தானாகச் சொல்லிவிட்டது, ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இன்னிக்கு என்ன விசேஷம்?" "சும்மாதான்டி, வியாழக்கிழமை." சொல்லி முடிக்கவில்லை, டவாலி மறுபடியும் கூரையைப் பார்த்தான். "ஓஸீ... அம்பத்தி ஏழு. முனிரத்தினம்... முனிரத்தினம்... முனிரத்தினம்..." "யாரும்மா கத்தறாங்க?" "அர்ச்சனைக்குப் பேர் கூப்பிடறாங்க." அவள் சிரித்தாள், எனக்கும் ஒரு அர்ச்சனை பண்ணிடு என்று சொல்லி வைத்தாள். போனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பொய் சொல்வதில் எனக்கு எப்போதுமே தடுமாற்றம் இருந்ததில்லை, அது ஒரு கைத்திறன் மாதிரி. முனிரத்தினம் என்கிறவர் எழுந்து போகிறார், பட்டுக்கரை வேட்டி, நாலு விரலில் மோதிரம், கூடவே கோட்டுப் போட்ட வக்கீல். இவரும் ஓசியா? எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. பக்கத்தில் இருப்பவரிடம் திரும்பி, பேச வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே பேசிவிட்டேன். "மோதிரம் போட்டவங்களும் ஓசிக்கு வர்றாங்களா?" அவர் என்னைப் பார்த்தார், டவாலியைப் பார்த்தார். தொடையில் தட்டிச் சிரித்தார். "ஓசி இல்லம்மா, ஓ.எஸ். அசல் வழக்குன்னு அர்த்தம். எல்லா சிவில் கேஸும் ஓ.எஸ். தான். அவன் வாயில வெத்தலை." அவர் சிரிப்பு வராண்டா பூராவும் போய்த் திரும்பி வந்தது. எதிர்ப் பெஞ்சில் இருந்த ஒரு அம்மாள் என்னவாம் என்று கேட்டாள், அவர் அவளுக்கும் சொன்னார். நான் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காதுக்குள் குச்சி குத்துகிறது. ஊரில் யாரும் என்னை ஓசி என்று கூப்பிடவில்லை, என் காதுதான் அப்படிக் கேட்டிருக்கிறது, ஏனென்றால் அந்த வார்த்தை என்னுடையது. எத்தனை பேரைச் சொல்லியிருக்கிறேன். கல்யாணத்தில் இரண்டாம் தடவை பாயசம் கேட்டவரை, ரேஷனில் வேட்டி சேலை வாங்க நின்றவர்களை. அப்புறம் பரிமளத்தை.

அவளை நினைத்திருக்கக் கூடாது. நினைத்ததற்கும் மையத்து ஜன்னல் வழியாக அந்தக் குரல் வந்ததற்கும் சரியாக இருந்தது. முதலில் என் மனசுக்குள்தான் கேட்கிறது என்று இருந்தேன். "இன்னா பாட்டி, இந்தப் பக்கம் ரேகை வைக்கக் கூடாது, இங்க வைங்க." கனத்த குரல், கடைசிச் சொல்லை இழுக்கிற குரல். தூணை விட்டு ஒரு சாண் நகர்ந்து எட்டிப் பார்த்தேன். மேஜைக்குப் பின்னால் நீலப் புடவை, கழுத்தில் நாடா போட்ட அட்டை, மூக்கின் மேல் கண்ணாடி, முன்மயிர் பூராவும் நரைத்திருக்கிறது. பரிமளம்தான். என் தெருக்கோடியில் இருந்தவள், சித்தாள் வேலைக்குப் போனவள், என் வீட்டு மாடிக்குச் செங்கல் சுமந்தவள். இப்போது சட்ட உதவிக்கு வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறவள். சட்டென்று பின்னால் சாய்ந்துவிட்டேன், முதுகு சுவரில் இடித்தது. எழுந்து போய்விடலாம். இப்போது எழுந்தால் பத்தே முக்கால் பஸ் கிடைக்கும். பஸ்ஸில் ஏறினால் எக்ஸ்பார்ட்டி. உட்கார்ந்தால் பரிமளம். மாடியா மானமா என்று யாரோ கேட்பது மாதிரி இருக்கிறது, யாரும் கேட்கவில்லை, நானேதான் கேட்டுக்கொள்கிறேன், மானம் என்று சொல்லிக்கொள்கிற அளவுக்கு அதில் என்ன மிச்சம் இருக்கிறது என்றும் நானேதான் கேட்கிறேன்.

பதினொரு வருஷம் ஆகிறது. அவள் புருஷன் செத்த மறு மாசமே அவன் அண்ணன்காரன் அவளை வீட்டை விட்டு வெளியே தள்ளினான். அந்த வீட்டுக்குத் தளம் போட்டது அவள் தாலிக்கொடியை விற்ற பணத்தில். விற்கப் போன அன்றைக்குத் துணைக்குப் போனவள் நான். நகைக்கடைப் படியில் அவள் உட்கார்ந்துகொண்டு, கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. அவள் இதே மையத்துக்கு வந்து, இலவச வக்கீல் வைத்து, கேஸ் போட்டாள். தெருவில் முதலில் சிரித்தவள் நான்தான். "ஓசி வக்கீல் வெச்சா ஓசித் தீர்ப்புதான் வரும்" என்று தண்ணீர் லாரி வந்தபோது குடத்தோடு நின்றுகொண்டு சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள், எனக்கு அன்று முழுக்க ஒரு உற்சாகம். அப்புறம் ஒரு நாள் அவள் வாசலில் வந்து நின்றாள். "அம்மா, கொடி வித்த அன்னிக்கு நீங்கதானே கூட இருந்தீங்க. வந்து ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா போதும்." வருகிறேன் என்றேன். சொல்லும்போது நிஜமாகத்தான் சொன்னேன். சாட்சிக்கு வர வேண்டிய நாள் நெருங்க நெருங்க, கூண்டும் நானும், ஓசிக் கேஸுக்கு மண்டிக்காரர் பெண்டாட்டி சாட்சி என்று ஊர் பேசுவதுமாக மனசு அதையே சுற்றியது. அன்று காலை வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டதும் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். நெற்றியில் ஈரத்துணி. தைலம்கூடத் தடவிக்கொண்டேன், கண் எரிந்தது, அந்தக் கண்ணீர் வசதியாக இருந்தது. "நூத்தி ரெண்டு ஜுரம்னு சொல்லுங்க" என்று இவரிடம் சொன்னேன். இவர் ஒரு நிமிஷம் நிலைப்படியில் நின்றார், அப்புறம் போய் அப்படியே சொன்னார். வாசலில் பரிமளம் சொன்னது கேட்டது. "ஐயோ பாவம், எழுப்பாதீங்க." ஆட்டோ போய்விட்டது. சாட்சி இல்லாமல் கேஸ் நிற்காது என்று, அண்ணன்காரன் கொடுத்ததை வாங்கிக்கொண்டு சமாதானமாகப் போனாள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். சாயங்காலம் இவர் மண்டியிலிருந்து அரை மூட்டை அரிசியை வண்டியில் கட்டி எங்கேயோ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். எங்கே என்று நான் கேட்கவில்லை. சாப்பிட உட்கார்ந்து, சோற்றில் கை வைத்தபடி, நிமிராமல், "ஜுரம் எறங்கிடுச்சா?" என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் சாகிற வரைக்கும் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம், ஒரு நாள் நன்றாகத் திட்டியிருக்கலாம், நானும் நாலு வார்த்தை பதிலுக்குச் சொல்லி அழுது தீர்த்திருப்பேன்.

"ஓஸீ... நூத்திப் பதினெட்டு." அது என் நம்பர். "கோமளவல்லி... கோமளவல்லி... கோமளவல்லி..." மூன்று தடவைதான் கூப்பிடுவார்கள். மூன்றும் ஆகிவிட்டது. நான் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க வேண்டும் என்று தெரிகிறது, கால் இங்கே இருக்கிறது, செருப்பு இங்கே இருக்கிறது, ஆனால் கோமளவல்லி வேறு யாரோ, அவள் எழுந்திருக்கட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் இருப்பவர் என்னையே பார்க்கிறார். ஒரு வேளை டவாலி இன்னொரு தடவை கூப்பிடுவான். கூப்பிடவில்லை. தாளை மடிக்கிறான். எக்ஸ்பார்ட்டி, எக்ஸ்பார்ட்டி, ஜன்னல் எந்தப் பக்கம் என்று சண்டை போட்ட மாடி. அப்போது கதவுப் பக்கமிருந்து அந்தக் கனத்த குரல் வந்தது. "இன்னா பேரு சொன்னாரு? கோமளவல்லியா? சத்திரத் தெருவா?" நான் முந்தானையை இழுத்தேன். இழுத்ததுதான் காட்டிக்கொடுத்தது. "அக்கா! நீங்களா?" அக்கா. அப்போதெல்லாம் அம்மா என்பாள். எப்போது நான் அக்கா ஆனேன் என்று மனசு அந்த நேரத்திலும் அதில் போய் இடறியது, சீ என்று வந்தது. அவள் என்னைக் கேட்கவே இல்லை, டவாலியைப் பார்த்துக் கை தட்டினாள். "அண்ணே, பார்ட்டி இருக்காங்க. நம்மகிட்டதான் வந்திருக்காங்க." என் மணிக்கட்டைப் பிடித்தாள், செங்கல் சுமந்த கை, இன்னும் சொரசொரப்பாகத்தான் இருக்கிறது. உள்ளே இழுத்துப்போய் நிறுத்தினாள். உயரத்தில் உட்கார்ந்திருந்த நீதிபதி என் மகள் வயசு. பரிமளம் கும்பிட்டுச் சொன்னாள், சட்ட உதவியில் வக்கீல் போடுகிறோம், அம்மா. அந்தப் பெண் என்னை ஒரு தரம் பார்த்து, மத்தியானம் எடுக்கிறேன் என்றாள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. இதற்காகவா ஒரு வாரம் தூங்கவில்லை?

இப்போது அவள் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். மின்விசிறி தாள்களைத் தூக்குகிறது, அவள் ஸ்டாப்ளரை எடுத்து மேலே வைக்கிறாள். நான் பால் கவரைப் பிரித்து வருமானச் சான்றை நீட்டினேன். "இதெல்லாம் எதுக்குக்கா வாங்கினீங்க? பொம்பளைங்களுக்கு வருமானம் பாக்கறதில்ல. பொம்பளைன்னாலே போதும், வக்கீல் தருவாங்க. சட்டத்துலயே இருக்கு." சான்றை மடித்து என் பக்கமே நகர்த்தினாள். வி.ஏ.ஓ. ஆபீஸில் மூன்று நாள், எண்ணெய்ப் புடவை, காதில் குச்சி, ஒன்றும் தேவையில்லை, பட்டுக் கட்டிக்கொண்டு வந்திருந்தாலும் கொடுத்திருப்பார்கள். அவள் என் காதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சட்டென்று தாளைப் பார்த்தாள், எல்லாம் விற்றாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள் போல. கம்மல் அரிசிப் பானைக்குள் பத்திரமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? வயசு, புருஷன் பேர், விலாசம். கேட்டுக் கேட்டு எழுதினாள், குண்டு குண்டான எழுத்து, ஒவ்வொன்றையும் எழுதிவிட்டு உதடசைத்துப் படித்துப் பார்த்தாள். இவளை நீ என்பதா, நீங்கள் என்பதா? பதினொரு வருஷத்துக்கு முன்னால் வாடி என்று கூப்பிட்டவள் நான். இரண்டும் வராமல் மொட்டையாகப் பேசிக்கொண்டிருந்தேன். "இங்க எத்தினி வருஷமா?" "ஒம்போது ஆவுது. கேஸ் முடிஞ்சப்போ இங்க இருந்த மேடம், உனக்குத்தான் இந்த வராண்டா பூரா பழகிப்போச்சே, வந்து நாலு பேருக்கு எழுதிக் குடுன்னாங்க." கேஸ் என்றதும் நான் ஸ்டாப்ளரைப் பார்த்தேன். அவளே சொன்னாள். "அன்னிக்கு நீங்க குடுத்தனுப்பின அரிசிதான்க்கா, ஒரு மாசம் பொங்கித் தின்னோம் நானும் என் பொண்ணும். ஜுரத்துல கெடந்துகிட்டு எனக்கு அரிசி அனுப்பணும்னு தோணிச்சு பாருங்க. அய்யாகிட்ட அப்பவே சொன்னேன், அக்காவை உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்கன்னு." முகத்தைப் பார்த்தேன். குத்திக் காட்டுகிறாளா என்று கண்ணில், உதட்டில், எங்கெங்கோ தேடினேன். இல்லை. அவள் நிஜமாகவே நன்றி சொல்கிறாள். இவர் கொடுத்த அரிசி, என் பேரில் கொடுத்திருக்கிறார், என்னிடம் சொல்லாமலே. என் மானத்தை எனக்கே தெரியாமல் அரை மூட்டை அரிசியில் மூடி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இப்போது சொல்லிவிடலாம். பரிமளம், எனக்கு அன்றைக்கு ஜுரமே இல்லை. ஏழு வார்த்தைகூட வராது. சொன்னால் பேனா நின்றுவிடுமோ? மத்தியானம் கோர்ட்டு மறுபடியும் கூப்பிடும். சொல்லாதே, கையெழுத்து ஆகட்டும், ஆன பிறகு சொல்லலாம் என்கிறது ஒரு மனசு. ஆன பிறகும் நீ சொல்ல மாட்டாய் என்று அதற்கே தெரியும்.

"சாட்சி யாராச்சும் இருக்காங்களா? மாடி அய்யாதான் கட்டினாருன்னு சொல்ல?" மேஸ்திரி செத்துப்போய்விட்டார். தெருவில் எல்லாரும் தேவராஜிடம் கடன்பட்டவர்கள். யாரும் இல்லை என்று தலையை ஆட்டினேன். அவள் பேனாவை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். "நான் இருக்கேனேக்கா. ஒவ்வொரு கல்லா நான்தானே சொமந்தேன். கூலி அய்யா கையாலதானே சனிக்கெழம சனிக்கெழம குடுத்தாரு. உங்க கொழுந்தன் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல. நான் வந்து சொல்றேன், எழுதிக்கறேன் என் பேரை." எழுதிக்கொண்டாள். குண்டு எழுத்தில் ப, ரி, ம. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கை மேஜை மேலே நடுங்குகிறது, கீழே இறக்கி மடியில் வைத்துக்கொண்டால் மடியும் நடுங்குகிறது. தாளைத் திருப்பி என் பக்கம் வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரல் வைத்துக் காட்டினாள். பேனாவை எடுத்தேன். கோ வரைக்கும் வந்தது, மகரத்தில் போய்க் கோணியது. முந்தானைக்குள்ளிருந்து நல்லெண்ணெய் வாசனை அடிக்கிறது. அவள் எழுந்து, மேஜையைத் தாண்டிக் கையை நீட்டி, என் நெற்றியில் புறங்கையை வைத்தாள். அன்றைக்கு ஈரத்துணி போட்ட அதே இடம். "என்னக்கா, இப்படி நடுங்குது. மறுபடியும் ஜுரமா?"

"ஆமா," என்கிறேன். "லேசா."